பதின்மூன்றாம் இருக்கையில் ஒரு கோட்டு

எங்கள் பிரின்க்ஹவுசன் நகர இசையரங்கில் கோட்டு மாட்டும் வேலை எனக்கு. வருகிறவர்களிடம் கோட்டை வாங்கிக் கொக்கியில் மாட்டி, எண் போட்ட வில்லையைக் கொடுப்பேன். கச்சேரி முடிந்ததும் வில்லையை வாங்கிக்கொண்டு கோட்டைக் கொடுப்பேன். முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. இந்த ஊரில் யாருடைய கோட்டுப் பையில் இருமல் மிட்டாய் இருக்கிறது, யாருடைய பையில் சின்ன பிராந்தி பாட்டில் இருக்கிறது என்பது கையில் தூக்கிப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். நான் தொட்டே பார்க்காத கோட்டு ஒன்றே ஒன்றுதான். அது ரோஸ்விதா க்ரோட்டே அம்மையாரின் சாம்பல் நிறக் கோட்டு.

கோட்டோடு அரங்கத்துக்குள் போகக் கூடாது என்பது சட்டம். என் மேசைக்கு மேலே பித்தளைப் பலகையில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை நான்தான் அதைத் துடைக்கிறேன். அம்மையார் அந்தப் பலகையின் கீழேயே, கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி, எனக்கு ஒரு தலையசைப்பைப் போட்டுவிட்டு உள்ளே போவார். ஏழாம் வரிசையில் பன்னிரண்டும் பதின்மூன்றும் அவருடையவை. இரண்டுக்கும் வருஷா வருஷம் சீசன் டிக்கெட் வாங்குவார். பன்னிரண்டில் அவர் உட்காருவார். பதின்மூன்றில் கோட்டை உட்கார வைப்பார்.

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். ஆனால் அம்மையாரிடம் வாயைத் திறக்க எனக்குப் பயம். எனக்கு மட்டுமில்லை, ஊருக்கே பயம். அதற்குக் காரணம் இருக்கிறது.

அம்மையார் நாற்பது வருஷம் நகராட்சி நீச்சல் குளத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். கழுத்தில் விசில், காலில் வெள்ளை மரச்செருப்பு. ஈரத் தரையில் ஓடினால் ஒரு விசில். தலைகீழாகக் குதித்தால் இரண்டு. தண்ணீருக்குள் ஒன்றுக்குப் போனால் மூன்று. எப்படிக் கண்டுபிடிப்பார் என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது. இந்த ஊரில் பிறந்து நீச்சல் கற்ற அத்தனை பேரும் அவரிடம் விசில் வாங்கியவர்கள்தான். இப்போதைய மேயர் வாங்கியிருக்கிறார். எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் முதல் கிளாரினெட் வாசிக்கும் ஆண்ட்ரேயாஸ் ஒன்பது வயதில் ஒரு கோடை முழுக்கக் குதிபலகையில் ஏறத் தடை வாங்கியிருக்கிறான். எட்டு வயதில் ஓடியதற்காக நான் அரைமணி நேரம் சுவரோரம் நின்றிருக்கிறேன். அவர் என்னைக் கடக்கும்போது இப்போதும் என் நடை தானாகவே மெதுவாகிவிடும்.

அப்படிப்பட்டவருக்கு இசையரங்கம் இரண்டாவது நீச்சல் குளம். இங்கே விசில் இல்லை, அதற்குப் பதில் ஒரு 'ஷ்ஷ்' இருந்தது.

சிம்பொனி என்பது நாலு பாகம். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளியில் கைதட்டக் கூடாது. இருமலாம், மூக்குச் சீந்தலாம், மிட்டாய் உறையைக் கால்மணி நேரம் பிரிக்கலாம், கை மட்டும் தட்டக் கூடாது. தட்டினால் இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். நாலாம் பாகம் முடிந்த பிறகு உள்ளங்கை சிவக்கத் தட்டலாம். புதிதாக வந்த எவனாவது முதல் பாகம் முடிந்ததும் சந்தோஷத்தில் கையைத் தூக்கினால் போதும், ஏழாம் வரிசையிலிருந்து 'ஷ்ஷ்' பறக்கும். பிரஷர் குக்கர் தோற்றுவிடும். அடுத்த மாதம் அந்த ஆள் சினிமாவுக்குப் போய்விடுவான்.

இந்த 'ஷ்ஷ்' வாங்கியவர்களில் முக்கியமானவர் எக்பெர்ட் க்ரோட்டே. அம்மையாரின் சொந்தப் புருஷன்.

எக்பெர்ட் அண்ணன் கூரைக்கு ஓடு வேய்கிறவர். வாழ்நாள் முழுக்க உயரத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசியே பழகியவர். எதற்கும் கைதட்டுவார். கால்பந்தில் எதிரணி கோல் போட்டாலும் அழகாகப் போட்டிருந்தால் தட்டுவார். விடுமுறைக்குப் போகும் மயோர்க்கா தீவில் விமானம் தரையிறங்கினால் முதல் தட்டு அவருடையதுதான். அப்போது பக்கத்து இருக்கையில் அம்மையார் பாதுகாப்பு அட்டையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

1991-ல், கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் கழித்து, அம்மையார் இரண்டு சீசன் டிக்கெட் வாங்கினார். அதுவரை தனியாகத்தான் வந்துகொண்டிருந்தார். அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தார். முதல் கச்சேரியில் தூங்கினார். இரண்டாவதில் பாதி தூங்கினார். மூன்றாவது கச்சேரியில் எங்கள் ஊர்க்காரர் காஸ்பர் வெண்ட்லாண்டின் சிம்பொனி. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே பிறந்தவர், இங்கேயே புதைத்திருக்கிறோம், வேறு எந்த ஊரும் கேட்கவில்லை. அந்த சிம்பொனியின் மூன்றாம் பாகம் முரசும் எக்காளமுமாக முழங்கி முடியும். அதைவிடச் சத்தமாக ஒன்று முடியவே முடியாது. அண்ணன் தூங்கவில்லை. எழுந்தே நின்றுவிட்டார். கூரை ஓடு தூக்கிய கைகளால் படபடவென்று தட்டி, "சபாஷ்டா!" என்று கத்தியும் விட்டார்.

'ஷ்ஷ்' வந்தது. அம்மையாரின் ஆயுளிலேயே பெரிய 'ஷ்ஷ்'. மேடையில் இருந்த இசை நடத்துநரே திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் தட்டிய கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஐம்பது வயது ஆளை எட்டு வயதுப் பையனாக்கிச் சுவரோரம் நிறுத்தியது போல இருந்தது. "எவ்வளவு நேரம் ஆகும் இன்னும்?" என்று என்னைக் கேட்டார். பத்து நிமிஷம் என்றேன். "அப்ப இங்கயே உக்காந்துக்கறேன்" என்றார்.

அந்தப் பத்து நிமிஷம் இருபத்தெட்டு வருஷமாக நீண்டுவிட்டது. ஒவ்வொரு கச்சேரிக்கும் அண்ணன்தான் காரோட்டி அம்மையாரைக் கூட்டிவருவார். வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்திவிட்டு, என் மேசைக்கு வருவார். நான் அவருக்கென்று ஒரு முக்காலி வைத்திருக்கிறேன். சீட்டு ஆடுவோம், உப்பு போட்ட பிரெட்செல் ரொட்டியைப் பிய்த்துத் தின்போம். மேசைக்கு மேலே, பித்தளைப் பலகைக்குப் பக்கத்தில், உள்ளே நடப்பது எங்களுக்குக் கேட்பதற்காக ரொட்டித் துண்டு அளவில் ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது. உள்ளே நடந்த அத்தனை கச்சேரியையும் அண்ணன் அதில் கேட்டிருக்கிறார். எங்கே பிடித்ததோ அங்கே தட்டுவார். நானும் சேர்ந்து தட்டுவேன். ஒலிபெருக்கி ஒன்றும் 'ஷ்ஷ்' சொல்லாது.

இதெல்லாம் எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. அம்மையாருக்கும் அண்ணனுக்கும் வீட்டில் சண்டை எதுவும் கிடையாது. ஒன்றாகச் சாப்பிடுவார்கள், ஒன்றாகத் தோட்டம் கொத்துவார்கள். அந்த இரவைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசியதில்லை. அம்மையார் 'தப்பு என்னுடையது' என்று சொன்னதில்லை. அண்ணன் 'உள்ளே வரவா' என்று கேட்டதில்லை. கோட்டு உட்கார்ந்திருந்தது.

இந்த வருஷம் அரங்க அலுவலகத்திலிருந்து அம்மையாருக்கு ஒரு கடிதம் போனது. டிக்கெட் வாங்கியும் சீசன் முழுக்கக் காலியாகக் கிடக்கும் இருக்கைகளைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள். 'ஏழாம் வரிசை, பதின்மூன்றில் ஒரு நபர் ஒருமுறையாவது அமர்ந்தால் தங்கள் உரிமை தொடரும்' என்று எழுதியிருந்தார்கள். ஆள்தான் வேண்டும், கோட்டு போதாது. மிச்சமிருந்தது ஒரே ஒரு கச்சேரி.

அம்மையார் ஊர் முழுக்க ஆள் தேடினார். நாத்தனாரைக் கேட்டார். அவளுக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரியைக் கேட்டார். "க்ரோட்டே அம்மா, உங்க பக்கத்துல ரெண்டு மணி நேரம் எச்சில் முழுங்காம உக்கார என்னால முடியாது, மன்னிச்சுக்குங்க" என்று அவள் நேரடியாகவே சொல்லிவிட்டாள். கடைசியில் என்னிடமே வந்தார்.

"ரைமுண்ட், ஒரு நாள் நீ லீவு போட முடியுமா?"

"கோட்டை யாரும்மா பாத்துக்கறது?"

"ம்."

"எக்பெர்ட் அண்ணனைக் கேட்டுப் பாருங்களேன்."

அம்மையார் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஈரத் தரையில் ஓடியவனைப் பார்க்கும் அதே பார்வை. "அவருக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பிடிக்காதாம். இருபத்தெட்டு வருஷமாக என் முக்காலியைத் தேய்த்தவரைப் பற்றிச் சொல்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குப் பித்தளைப் பலகையை இரண்டு தரம் துடைத்தேன்.

கடைசிக் கச்சேரி மே மாதம். எங்கள் ஊரில் மே மாதத்திலும் கோட்டில்லாமல் வருகிறவன் வெளியூர்க்காரன். அன்றைக்கு அப்படி நிறையப் பேர் வந்தார்கள், ஏனென்றால் அது விளக்கக் கச்சேரி. முதல் பாதியில் இசை நடத்துநர் சிம்பொனியைப் பிரித்துப் போட்டு, யார் எழுதினார், ஏன் எழுதினார், எந்த வாத்தியம் என்ன செய்கிறது என்று வாசித்துக் காட்டிச் சொல்வார். இடைவேளைக்குப் பிறகு முழுதாக வாசிப்பார்கள். அம்மையாருக்கு இந்த வகைக் கச்சேரியே ஆகாது. "சாப்பிட வந்தவனைக் கூட்டிட்டுப் போய் அடுப்படியைக் காட்டுவாங்களா?" என்பார். ஆனால் வாசிக்கப் போவது வெண்ட்லாண்ட் சிம்பொனி. அதைத் தவறவிடவும் மனமில்லை.

நடத்துநர் நார்வேயிலிருந்து வந்த பெண், சுன்னிவா ஓக்ரே. முப்பத்துநாலு வயது, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. அந்த ஷூவைப் பார்த்ததுமே அம்மையாரின் உதடு மெலிந்துபோனது. கச்சேரிக்கு வந்திருந்த சின்னப் பையன்கள் போகவர வசதியாக இருக்கட்டும் என்று அரங்கக் கதவுகளையும் திறந்து வைக்கச் சொல்லிவிட்டாள் அந்தப் பெண். அப்படி ஒரு உத்தரவு வந்ததே எனக்குத் தெரியாது. என் மேசை தூணுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. கதவு அந்தப் பக்கம்.

அண்ணனும் நானும் சீட்டைக் கலைத்துப் போட்டுக்கொண்டு ஒலிபெருக்கியில் கேட்டோம். பெண் நன்றாகவே பேசினாள். கொம்பு வாத்தியத்தில் வரும் அந்த உருக்கமான மெட்டு, நம் தாத்தாக்கள் வெண்ட்லாண்டின் சோக கீதம் என்று கண்ணீர் விட்ட மெட்டு, உண்மையில் மதுக்கடையில் பாக்கி கேட்டுப் பாடும் பாட்டாம். மெதுவாக வாசிக்கச் சொல்லிவிட்டார் மனுஷன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாம் பாகத்தில் இசை முடிந்தது போல நின்று, நாலு எண்ணுகிற நேரம் அமைதியாக இருந்து, பிறகு மறுபடி தொடங்கும் ஒரு இடத்தையும் வாசித்துக் காட்டினாள். "இது கேக்கறவங்களுக்கு வெச்ச பொறி. இன்னும் முடியல, ஏமாந்துடாதீங்க" என்றாள்.

பிறகு ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தாள். முதன்முதலில் இந்த சிம்பொனி அரங்கேறிய மறுநாள் வெண்ட்லாண்ட் தன் தம்பிக்கு எழுதியது.

"'முதல் பாகம் முடிந்ததும் தட்டித் தள்ளிவிட்டார்கள். மூன்றாம் பாகத்தில் பாதியிலேயே தட்டினார்கள், மறுபடி வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தோம். ஆனால் இரண்டாம் பாகம் முடிந்ததும் ஒருவரும் தட்டவில்லை. பிணங்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பிடிக்கவில்லை என்று நினைத்து வெளியே போய் ஒரு குவளை பியர் குடித்துவிட்டு அழுதேன்.'"

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். "பாத்தீங்களா? பாகத்துக்கு நடுவுல தட்டக் கூடாதுங்கறது அவரோட விதி இல்ல. அவர் செத்து ரொம்ப நாள் கழிச்சு யாரோ பெரிய மனுஷங்க கொண்டுவந்தது. அதனால இன்னைக்கு உங்களுக்குப் பிடிச்ச இடத்துல தட்டுங்க. பாவம், அந்த ஆளை இன்னொரு தடவை அழ வைக்காதீங்க."

நான் சீட்டைக் கீழே வைத்தேன். அண்ணன் கையிலிருந்த சீட்டை வரிசை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே இருந்தார். "அண்ணே, கேட்டீங்களா? நீங்க தட்டினது சரியாம்" என்றேன்.

"ஆட்டத்தைப் பாரு" என்றார்.

இடைவேளையில் அம்மையார் வெளியே வந்தார், கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே. வழக்கமாக நாலு பேர் அவரிடம் வந்து வாசிப்பு எப்படி என்று கேட்பார்கள். அன்றைக்கு ஒருவரும் நெருங்கவில்லை. அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள், கடந்ததும் சிரித்தார்கள். அம்மையாரின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக் கணக்கு! ஆனால் குளிரவில்லை.

அண்ணன் பிரெட்செல்லில் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

"என்ன ரோஸி, என்ன சொன்னா அந்தப் பொண்ணு?"

"ஒண்ணும் இல்ல. வழக்கமான கதைதான்."

"ஓ" என்றார் அண்ணன்.

ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டவர் அவர். சொல்லிக்காட்ட நல்ல சந்தர்ப்பம். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன், என் பெண்டாட்டியைக் கேளுங்கள். அண்ணன் "உப்பு தூக்கலா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அம்மையார் தலையை ஆட்டிவிட்டு, பாதி ரொட்டியோடு உள்ளே போனார். பதின்மூன்றாம் இருக்கைக்கு இன்னும் ஆள் இல்லை. அந்த இரவு முடிந்தால் இருக்கையும் இல்லை.

இரண்டாம் பாதி தொடங்கியது. முதல் பாகத்தை இளமையாக வாசித்தார்கள். கொம்பு மெட்டு வந்தபோது உள்ளே சிரிப்புச் சத்தமே கேட்டது. கடைசியில் வயலின்கள் எல்லாம் சேர்ந்து ஓடி வந்து ஒரே குதியில் முடித்தன.

அமைதி.

பிறகு ஆண்ட்ரேயாஸ் எனக்குச் சொன்னது இது. நடத்துநர் கோலைக் கீழே இறக்கி, திரும்பி, சிரித்தபடி காத்திருக்கிறாள். எண்ணூறு பேர். தட்டச் சொல்லி உத்தரவே போட்டாயிற்று. ஒருவன் தட்டவில்லை. வெளியூர்க்காரர்கள் ஊர்க்காரர்களைப் பார்க்கிறார்கள், ஊர்க்காரர்களின் கண் ஏழாம் வரிசைக்குப் போகிறது. மேயர் கையைத் தூக்கினார், பாதியில் முடியைக் கோதிக்கொண்டார். பூனைக்கு யார் மணி கட்டுவது? கிளாரினெட்டைப் பிடித்துக்கொண்டு ஆண்ட்ரேயாஸே மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தானாம்.

வெளியே இருந்த எங்களுக்கு இது என்ன தெரியும்? பாகம் முடிந்தது, நன்றாக இருந்தது, எப்போதும் போல ஒலிபெருக்கியைப் பார்த்துத் தட்டினோம். அண்ணன் அந்த ஓடு தூக்கிய கைகளால் தட்டினார். நான் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டியும் அடித்தேன்.

திறந்திருந்த கதவு வழியாக எல்லாம் உள்ளே போய்விட்டது.

ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "அப்பாடா! அந்தக் காலத்து ஆள் ஒருத்தர் உயிரோட இருக்கார்! யாருங்க அது? உள்ள வாங்க!"

நான் தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தேன். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. எண்ணூறு தலையும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. திரும்பி வந்து, "அண்ணே, நாம மாட்டிக்கிட்டோம்" என்றேன்.

அண்ணனின் முகம் சிவந்து, காது சிவந்து, கழுத்தும் சிவந்தது. கைகள் தானாகவே சட்டைப் பைக்குள் போயின. "நான் கார்ல போய் உக்காந்துக்கறேன். அவ வந்தா சொல்லு" என்று எழுந்தார்.

அதற்குள் உள்ளே ஒரு சலசலப்பு. அம்மையார் எழுந்துவிட்டார். ஏழாம் வரிசையே முழங்காலை மடக்கி வழிவிட்டது. நடுப்பாதை வழியாக அவர் நடந்து வர, ஓரத்து இருக்கைக்காரர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். வெளியே போய்க் கொல்லப் போகிறார் என்றே ஊர் நினைத்தது. நானும் அதைத்தான் நினைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒளிய இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன், வெட்கமென்ன.

வந்தார். கையில் கோட்டு. கோட்டைக் கையில் வைத்திருந்தால் பதின்மூன்று காலி என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

"நீங்கதானா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"தெரியாம பண்ணிட்டோம் ரோஸி. கதவு திறந்திருந்தது தெரியாது."

"எப்பவும் இங்க தட்டுவீங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பிடிச்சா தட்டுவேன்."

இந்த ஊரையே ஒரு விசிலில் நிறுத்தியவர் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். கடைசியில், அண்ணனைப் பார்க்காமல், பித்தளைப் பலகையைப் பார்த்துப் பேசினார்.

"நானும் தட்டினேன்."

"எப்ப?"

"அறுபத்தெட்டுல. முதல் தடவை இங்க வந்தப்ப. அக்கா கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தேன். எங்க வீட்ல அதுக்கு முன்னாடி யாரும் இந்தப் படி ஏறினதில்ல. முதல் பாகம் முடிஞ்சதும் தட்டினேன், நான் ஒருத்திதான். முன் வரிசை ஆள் திரும்பி என் முகத்தைப் பாக்கல, என் செருப்பைப் பாத்தான். குளத்துல போடற மரச்செருப்பு, வேற இல்ல எங்கிட்ட. அன்னைக்கு என்ன வாசிச்சாங்கன்னே ஞாபகம் இல்ல. அவன் பாத்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

"நாப்பத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம். ஒரு வார்த்தை சொல்லல நீ."

"எப்படிச் சொல்றது? உங்களையும் எவனாவது அப்படிப் பாத்துடுவானோன்னு பயந்தேன். அவங்க பாக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். அவங்க பாத்திருந்தாக்கூட நீங்க சிரிச்சிருப்பீங்க. நான் பண்ணதைத்தான் உங்களால தாங்க முடியல. தப்பு என்னுதுதான், எக்பெர்ட்."

அண்ணன் கைகளைப் பையிலிருந்து எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மீண்டும் உள்ளே விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சீட்டைப் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டேன்.

ஒலிபெருக்கியில் நடத்துநர், "நாங்க காத்துக்கிட்டிருக்கோம்!" என்றாள். உள்ளே சிரிப்பு.

அம்மையார் நிமிர்ந்தார். பழைய குரல் திரும்பியது. "ரைமுண்ட்! என்ன வேடிக்கை? இதை மாட்டு."

சாம்பல் நிறக் கோட்டு மேசை மேல் வந்து விழுந்தது. நினைத்ததைவிட லேசாக இருந்தது. பையில் ஒன்றே ஒன்று கனத்தது, தொட்டவுடனேயே தெரிந்தது. அது விசில். எண் வில்லையை எடுத்து நீட்டினேன்.

"எண்ணெல்லாம் எதுக்கு? அவர் கோட்டு மேலயே மாட்டு."

ஒரு கொக்கியில் இரண்டு கோட்டு மாட்டக் கூடாது, அதுவும் சட்டம்தான். மாட்டினேன்.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அவர்கள் நடுப்பாதையில் இறங்கும்போதுதான் அரங்கம் முதல் பாகத்துக்குத் தட்டத் தொடங்கியது. யாருக்குத் தட்டினார்கள் என்று கேட்காதீர்கள். நான் முக்காலியைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். சந்தோஷம்தான். ஆனால் கையில் நல்ல சீட்டு இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் பாகம் மெதுவாகப் போனது. வயலின்கள் தேய்ந்து, புல்லாங்குழல் தேய்ந்து, அந்தப் பொறி வைத்த இடம் வந்தது. இசை முடிந்தது போல நின்றது.

ஒரு ஜோடிக் கை தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, மூன்று தட்டு. அண்ணன் கை இல்லை. அவருடைய தட்டை எனக்குத் தெரியாதா? இது ஒல்லியான, பழக்கமில்லாத கை.

உடனே ஒரு 'ஷ்ஷ்' வந்தது. ஆண் குரலில்.

எண்ணூறு பேரும் மூச்சை நிறுத்திய அந்த அமைதியில், ஒலிபெருக்கி வழியாக எனக்கே கேட்கும்படி, எக்பெர்ட் அண்ணன் சொன்னார்.

"ரோஸி, இன்னும் முடியல."

அரங்கமே வெடித்துச் சிரித்தது. நடத்துநர் சிரித்தாள், ஆர்கெஸ்ட்ரா சிரித்தது, ஆண்ட்ரேயாஸ் அடுத்த இடத்தில் ஊதவேண்டியதை ஊதாமல் விட்டான். அதற்கெல்லாம் மேலே, இந்த ஊரில் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு சிரிப்பு ஏழாம் வரிசையிலிருந்து கேட்டது. அது யாருடையது என்று எனக்குப் பிடிபடவே கொஞ்ச நேரமானது.

கச்சேரி முடிந்து இருவரும் கோட்டு வாங்க வந்தார்கள். "அம்மா, அம்பது வருஷமா அந்த இடம் உங்களுக்குத் தெரியுமே, அங்க போய் எப்படித் தட்டினீங்க?" என்று கேட்டேன். வேறு நாளாக இருந்தால் எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது.

"கை தானா போயிடுச்சு" என்றார் அம்மையார். உள்ளங்கை இரண்டும் நன்றாகச் சிவந்திருந்தன.

அண்ணன் கோட்டைப் பிடித்துக்கொள்ள, அவர் கைகளை நுழைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்று திரும்பினார்.

"ரைமுண்ட். அந்தச் சீட்டி நீதானே அடிச்ச?"

என் கால்கள் தானாகச் சுவரோரம் போய் நின்றன.

"ஆமாம்மா."

"ரொம்ப மெதுவா இருந்தது" என்றார். கோட்டுப் பையிலிருந்து விசிலை எடுத்து என் மேசை மேல் வைத்துவிட்டு, அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.